நெருப்புக்கு எட்டாத பெஞ்சு

என் நோனிக்குட்டிக்கு,

நலமா என்று எழுதவே கை போகிறது. உன்னைப் புதைத்தது இந்தக் கைக்கு இன்னும் உறைக்கவில்லை. லிவர்பூல் சலவைக்கூடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நம் ஊர்ப் பள்ளிகளின் வரலாறு என்று நம்மோடு படித்த மாலக்கி புத்தகம் போடுகிறான். அச்சுக்கு முன் எனக்கும் அனுப்பினான். குளிருக்கு வகுப்பில் எரிக்கப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கரிக்கட்டி கொண்டுவந்தார்களாம், எல்லாரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்களாம். ஆத்திரம் தாங்காமல் போன் போட்டேன்.

"எல்லாருமாடா? கட்டி கொண்டுவராததுங்க கதவோரமா நடுங்கிக்கிட்டு உக்காந்தது எங்கடா? என் தங்கச்சிக்கு நெஞ்சு கெட்டதே அங்கதான். அதுலதான் போயும் சேந்தா."

"எனக்கு ஞாபகமில்லையே, பிரீடாக்கா."

"எப்படி இருக்கும்? உங்கப்பா வண்டி நெறைய கரி அனுப்புனாரு. மூஞ்சில அனல் அடிச்ச சுகத்துல ஒருநாளாவது பின்னால திரும்பிப் பாத்தியா?"

சிரித்தான். "சரிக்கா, அந்தப் பெஞ்சுல உக்காந்த இன்னொருத்தர் சொல்லட்டும், போட்டுடறேன்."

அந்தப் பெஞ்சில் நாம் இரண்டு பேர்தானே இருந்தோம். நீ பின்னித் தந்த ஸ்வெட்டர் முழங்கையில் பிரிந்துவிட்டது, அதற்கும் ஆளில்லை. வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். நான் யாரைடி சாட்சிக்குக் கூப்பிடுவேன்?