நான்தான் போட்டேன்

வெள்ளி, இரவு

எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து ஆண்டர்சன்பேட்டை பஜாரில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்று சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கடைக்குள் நுழைந்தார்கள். முன்னால் நின்றவன் தினமும் என்னிடம் பால் வாங்குகிறவன்.

"இன்னா பாய், சண்டையப் பத்தி உன் பொண்ணு ஸ்டேட்டஸ்ல இன்னா போட்டுகீறா? கூப்புடு அவள."

மகள் நசீமா அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்தாள்.

"அவ போன்ல நான்தான் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"அப்போ காலைல ஸ்டேஷனுக்கு வந்து நீயே சொல்லு."

ஷட்டரை உதைத்துவிட்டுப் போனார்கள்.

நசீமா இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்கினாள். அவள் இங்கிலீஷில் என்ன எழுதினாள் என்றே எனக்கு இன்னும் தெரியாது. ஸ்டேஷனில் கேட்பார்கள். எழுப்ப மனம் வரவில்லை.