என் விலாசத்தில் இன்னொருவன்

அன்புள்ள அம்மா,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஹாலோவீன் இரவில் வீடு வீடாக வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடை நிறைய மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். ஒரு குழந்தைகூட என் வாசலை மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரோண்டாவிடம் கேட்டேன். ஷெரிஃப் போலீஸ் அலுவலகம் தெருவுக்கே அனுப்பிய எச்சரிக்கை அட்டையைக் காட்டினாள். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் என் விலாசம்! பெயர் கார்வின், எனக்கு முன்பு இங்கே குடியிருந்தவன்.

நேற்று அந்த அலுவலகத்துக்கே போய், "அவன் காலி பண்ணி நாலு மாசமாச்சு" என்றேன்.

அதிகாரி சிரித்தார். "மூணு மாசத்துக்கு ஒருதடவை நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், மேடம். போன செவ்வாய்க்கிழமைகூட வந்தான். அங்கதான் இருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கான், பாருங்க."

படிவத்தை என் பக்கம் திருப்பினார். வீட்டிலுள்ள வண்டி என்ற இடத்தில் என் நீலக் காரின் எண் இருந்தது. அந்தக் காரை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, அம்மா.

நீ பயப்படாதே; ஆள் அனுப்பிப் பார்ப்பதாக அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். மிட்டாய்தான், நான் தின்பதைவிட வேகமாகக் குறைகிறது.

அப்பாவின் பட்டறையில் கிடக்கும் பெரிய இரும்புத் தாழ்ப்பாளை உடனே அனுப்பு. வாசலுக்கு இல்லை. மேலே பரணுக்கு ஏறும் கதவுக்கு, வெளிப்பக்கம் போட.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் மார்லா