மாங்காய் வண்டியில் போன பத்திரிகை

ஆடி 9, வெள்ளி

பழைய சிறுபத்திரிகைகளைப் பற்றிக் கட்டுரை எழுதிவரும் பெங்களூரு பேராசிரியை, இந்த முறை என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓசூர்த் தொழிலாளர்கள் நாங்கள் நடத்திய பத்திரிகையைப் போலீஸ் தேடியபோது, பிரதிகளை மாங்காய்க்கு அடியில் மறைத்து வேப்பனப்பள்ளிக்கு மாட்டுவண்டி ஓட்டியவன் நான்தான் என்று அச்சிலேயே இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். என் துணிச்சலை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்.

அந்தம்மா ரெக்கார்டரை நீட்டியதும் வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. உண்மையில் போலீஸ் தேடவில்லை. வாசகர்களே தேடியதில்லை.

சாயங்காலம் பாஷா அந்தக் கட்டுரையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் அவன்தான். பேராசிரியைக்கு அவன் ஒரு போன் போட்டால் என் சரித்திரம் முடிந்தது.

"ஏன்டா முனிராஜ், இது நியாயமா?"

"எதுடா?"

"என் பேரே இல்லியே! அன்னிக்கு மாட்ட ஓட்டுனது யாரு? நானு. நீ பின்னால மாங்கா மேல படுத்துத் தூங்கினு வந்த. ஞாயித்துக்கெழம அந்தம்மா வருதில்ல, நானே சொல்றேன்."

தப்பித்தேன் என்று சந்தோஷப்பட வேண்டியவன், டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. வண்டியும் இல்லை, மாடும் இல்லை, அது வேறு விஷயம். இருந்திருந்தால் கயிற்றை அவன் கையில் கொடுத்திருப்பேனா? பாஷாவுக்கு சைக்கிளே நேராக ஓட்ட வராது.