பார்சல் ஜன்னல்

என் பிரியமான ராஜம் அக்கா,

நீ இந்தத் தீவை விட்டுப் போன பிறகு இவ்வளவு அருவருப்பு எனக்கு எதன் மேலும் வந்ததில்லை. வீட்டில் சொன்னால், வேலையைப் பார் என்பார்கள். அதனால் உன்னிடம் கொட்டுகிறேன்.

நீ மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய நாள் நினைவிருக்கிறதா? இளம்பிள்ளை வாதம் வந்த காலோடு டிக்கெட் ஹாலின் படிகளில் உன்னால் ஏற முடியவில்லை. கோடவுன் கேட் வழியாகக் கொண்டுபோய், கொப்பரை மூட்டைகளோடு வலையில் வைத்துக் கிரேனில் தூக்கினார்கள். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். த்தூ, என்ன ஜனங்கள்! டெக்கில் இறக்கியதும் நீ கேட்டாய்: "நானும் டிக்கெட் வாங்கினவதானேடா?"

கப்பல் ஜெட்டியில் இப்போது புது டிக்கெட் ஹால் வந்திருக்கிறது. பிளான் வரைந்தவன் உன் தம்பி. படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை, உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், டிக்கெட்டைக் காட்ட ஒரு ஜன்னல். எஞ்சினியரிடம் மல்லுக்கட்டித்தான் சம்மதம் வாங்கினேன். திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்ட, நானும் பூரித்துப் போனேன். மடையன்!

இன்று மெட்ராஸ் கப்பல். போய்ப் பார்த்தால், சரிவுப் பாதை முழுக்கத் தள்ளுவண்டிகள். என் ஜன்னலில் பார்சல் புக்கிங், அதன் முன்னால் ஒரு மேடைத் தராசு. கிளார்க் நம் மதுரைப் பக்கத்து ஆள்.

"சாமான் வைக்க இதுதான் சார் வசதி. லங்டா ஆளு எப்பவோ ஒருத்தன் வருவான். அவனுக்காகக் காலியா போட்டு வைக்க முடியுமா?" என்றான். நொண்டிக்கு அந்த இந்தி வசவு, அக்கா, அதுவும் நம் ஊர் ஆள் வாயில்.

அந்த ஒருத்தர் அப்போதே வந்தார். மரம் விழுந்து இரண்டு கால்களையும் இழந்த தெலுங்குக்காரர், சக்கரப் பலகையில். மூட்டைகளுக்கு நடுவே நகர்ந்தார். எடை போடுகிறவன் தலை நிமிராமல், பழக்க தோஷத்தில், அவரையும் பலகையோடு தராசில் இழுத்து ஏற்றிவிட்டான்.

"பாபு, மேரே பாஸ் டிக்கட் ஹை," என்றார் அவர், மெதுவாக. தன்னிடம் டிக்கெட் இருக்கிறதாம்.

யாருக்கும் கூசவில்லை. கிளார்க் சிரித்தான். நான் அவரைக் கீழே இறக்கிவிட்டு, தராசை இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளினேன். மாலைக்குள் என் மேல் புகார் போய்விட்டது. வேலை நிலைக்குமா, தெரியவில்லை. இவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு பிழைப்பதும் ஒரு பிழைப்பா?

அடுத்த கப்பல் நாளில் அந்த ஜன்னலுக்கு முன்னால் நான்தான் நிற்பேன், அக்கா. சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்பேன். டிக்கெட்டோடு வருகிறவர் யாரானாலும், கிளார்க்கை முதலில் அவர் பெயரைக் கேட்க வைப்பேன்.

உன் கூடப்பிறந்தவன்,
துரை
மின்னி பே