எலும்பு வார்டில் எட்டுக் கட்டம்

ஜூலை 12

காற்று. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, காற்றுக்குத்தான் பொறுக்கவில்லை. ஜன்னல் கதவு ராத்திரி முழுக்க டபார் டபார்.

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: புத்தூர் ஆஸ்பத்திரி எலும்பு வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், வலது காலை மாவுக்கட்டில் நீட்டி எழுந்தருளியிருக்கும் ஸ்ரீரங்கம் சம்பத் என்கிற அடியேன், இன்று காலை, யார் துணையும் இல்லாமல், ஊசியில் நூல் கோத்தேன். டும் டும்.

இத்தனை நாள் ஊசி என்றால் எனக்குப் போடுவது. இன்று முதல் நான் போடுவது.

காரணம், நேற்று வார்டில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வாயாலேயே விட்ட ரயில். நான் எஞ்சின். அந்தோணி விசில். காதர் டிக்கெட் பரிசோதகர். செல்லமுத்து, பாலத்து மேல் போகும்போது வரும் சத்தம். பெரிய டாக்டர் காதுக்கு எட்டிவிட்டது. இன்று எஸ்தர் சிஸ்டர் ஒரு கூடையோடு வந்தார். "வாய் சும்மா இருக்கணும்னா கை சும்மா இருக்கக் கூடாது தம்பிகளா."

திட்டம்: வீட்டிலிருந்து பழைய துணி வர வேண்டும். மருந்து வந்த மரப்பெட்டியின் மூடிதான் அளவு. அந்தச் சதுரத்துக்கு ஆஸ்பத்திரியின் கிழிந்த படுக்கை விரிப்பை அடியில் வைத்து, மேலே நம் துணித் துண்டுகளைத் தைக்க வேண்டும். அது ஒரு கட்டம். ஆளுக்கு எட்டு. இரண்டை வைத்துக்கொண்டு மற்ற மூன்று பேருக்கும் இரண்டிரண்டு கொடுக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொருவனுக்கும் நாலு வீட்டுத் துணியில் ஒரு போர்வை. சிஸ்டர் அதற்குக் குவில்ட் என்கிறார். சீமையில் பெண்கள் கூடி உட்கார்ந்து தைப்பார்களாம்.

செ.மு. (செல்லமுத்து): "திருச்சி வெயிலுக்குப் போர்வையா சிஸ்டர்? இட்லியாட்டம் வெந்துருவோம்."

என் ஜாதகத்தில் கட்டம் சரியில்லை என்று ஜோசியர் சொன்னாராம். இனிமேல் நானே தைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 15

அம்மா மத்தியானம் பஸ்ஸில் வந்தாள், வழக்கம் போல் டிபன் கேரியரோடு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நான் தொடக் கூடாது. சாத்தமுது, வாழைக்காய், மோர்.

செ.மு. எட்டிப் பார்த்து: "சாத்தமுதுன்னா என்ன ஐயரே?"

"புளி, மிளகு, சீரகம்..."

"அட, ரசம்!"

"ஐயர் இல்லேடா, ஐயங்கார்."

"ரெண்டும் ரசந்தான் வைக்கிறாங்க."

இவனுக்குத் துறையூர்ப் பக்கம். கடலை மூட்டை வண்டி மேல் நின்றுகொண்டு வந்தவன், வண்டி திரும்பியபோது திரும்பவில்லை. தொடை எலும்பு. இன்னும் ஒரு மாதம் படுக்கை.

பழைய துணி கேட்டேன். அம்மா, "எதுக்குடா, கட்டுப் போடவா? தர்மத்துக்குன்னா எடுத்துண்டு வரேன்" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவது பொய்யில் சேராது.

ஜூலை 18

துணி வந்துவிட்டது. அப்பாவின் மயில்கண் வேஷ்டி, அம்மாவின் பழைய சுங்கடிப் புடவை, என் இரண்டு அரை நிஜார்.

முதல் கட்டம் முடிந்தது. அபாரம். நெருக்கமான தையல், ஓரம் நேர், மூலையில் நிஜார்ப் பித்தானைக் கண்ணாக வைத்து ஒரு யானை. எல்லோருக்கும் காட்டலாம் என்று தூக்கினேன். கட்டம் வந்தது. கூடவே என் கட்டில் விரிப்பும் வந்தது. விரிப்போடு நான் கட்டியிருந்த வேஷ்டியும். மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

அந்தோணி சிரித்த சிரிப்பில் அவன் தோள் கட்டு நெகிழ்ந்து, கம்பவுண்டர் வந்து திட்டினார். சிஸ்டர் கத்தரியோடு வந்து பிரித்தார். "ஆபரேஷன் சக்சஸ்" என்றார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே.

ஜூலை 21

வெயில். காற்றும் வெயிலும் ஒரே நேரத்தில், வாயில் மண்.

இன்று விசாரணை நாள். ஒவ்வொரு துணிக்கும் ஜாதகம் கேட்டேன். தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

காதர் (பாலக்கரை, சைக்கிள், முழங்கால்): பச்சைக் கட்டம் போட்ட கைலி. அவன் அத்தாவுடையது, அதாவது அப்பாவுடையது. கிழிந்தது எதில்? "ஆடு முட்டுச்சு." யாரை? "அத்தாவ. நாந்தான் அவுத்து விட்டேன்." இவன் நம் ஆள்.

அந்தோணி (காட்டூர், புட்பால், தோள்): மாதா கோயிலில் முதல் தடவை அப்பம் வாங்கியபோது (முதல் நன்மையாம்) போட்ட வெள்ளைச் சட்டை. கழுத்தில் மெழுகுக் கறை. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு கோயிலில் தூங்கினானாம்.

செ.மு.: அவன் அப்பாரின் தலைப்பாகை. விரித்ததும் எனக்கு ஆச்சரியம். ஒரே துணியில் பட்டை பட்டையாக இரண்டு நிறம். மடிப்புக்குள் இருந்த இடம் ரத்தச் சிவப்பு, வெயில் பட்ட இடம் வெளுத்த ரோஜா. அப்படியானால் அவர் தினமும் ஒரே மாதிரியாகத்தான் சுற்றியிருக்க வேண்டும். கேட்டேன். செ.மு. யோசித்தான். "ஆமா, அப்புடித்தான் சுத்துவாரு. நான் கவனிச்சதே இல்ல." அப்புறம் ரொம்ப நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பார் வயல் வேலையை விட்டு வர முடியவில்லை. ஊர்க்காரர் ஒருவர் கையில்தான் இது வந்தது.

தைப்பதில் அவன் சாக்கு மூட்டை பாணி. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே ஒரு பூனை போகலாம்.

ஜூலை 24

கைத்தேர்ச்சி வந்தபின் கை சும்மா இருக்குமா? கம்பவுண்டரின் கோட் நாற்காலியில். அவர் டீ குடிக்கப் போன நேரம். காதர் ஊன்றுகோலால் இழுத்துக் கொடுத்தான். இரண்டு பையையும் வாய் தெரியாமல் தைத்துவிட்டேன்.

வந்தார். மாட்டினார். மூக்குப்பொடி டப்பியை எடுக்கப் போனார். கை போகவில்லை. மறு கை. போகவில்லை. அந்த முகத்தைப் படம் எடுத்து மாட்ட வேண்டும்.

தண்டனை: ஒரு நாள் ஊசி பறிமுதல். ஆனால் சிஸ்டர் அந்தத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படவா, இதுல மட்டும் எவ்வளவு சுத்தம்!"

ஜூலை 27

முதல் பரிமாற்றம். சந்தை தோற்றது.

ஒருவருக்கொருவர் இரண்டு என்பது சட்டம். எந்த இரண்டு என்பதில்தான் சண்டை. என் யானைக் கட்டத்துக்கு மூன்று பேரும் அடி போட்டார்கள். அந்தோணி ஒரு பொரி உருண்டை சேர்த்துத் தருவதாகச் சொன்னான். காதர் ஆட்டுக் கதையை மறுபடி சொல்கிறேன் என்றான். கடைசியில் செ.மு.வுக்குக் கொடுத்தேன். தலைப்பாகைத் துணியில் சிவப்பு அதிகமாக இருந்த அவன் கட்டம் எனக்கு வேண்டியிருந்தது.

எல்லாம் நல்லபடி. அப்போது காதர் கேட்டான்: "சம்பத்து, ஒங்க வீட்ல இத உள்ள விடுவாங்களா?"

"எதை?"

"இதத்தான். எங்க கைலி, இவன் அப்பா முண்டாசு. ஒங்கம்மா நம்ம கூஜாத் தண்ணியக்கூடத் தொட விடல ஒன்ன."

காற்றுக்கு அப்போதுதான் ஓய வேண்டும் என்று தோன்றியது.

நிஜம்தான். பிறத்தியார் உடுத்திய துணி எங்கள் வீட்டில் விழுப்பு, தீட்டு மாதிரி. நான் பள்ளிக்கூடம் போய் வந்த சட்டையே சமையல் அறைப் பக்கம் போகக் கூடாது. நம் துணியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுப்பதில் ஆசாரம் குறுக்கே வராது, வாங்குவதில்தான்.

ஆனால் அதையா சொல்வேன்? "விடாம? எங்க ஊர் மொட்டைக் கோபுரம் வழியா, மேளம் வெச்சு, இதைப் போத்திண்டு போகப் போறேன் பாரு. தடுக்கறவா தடுக்கட்டும்."

செ.மு.: "கோபுரம் வேணாம். வாசப்படி தாண்டிரு, போதும்."

தாண்டுவேன்.

ஜூலை 30

அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். கூடையை மறைக்க நேரமில்லை.

"இதெல்லாம் யார் துணி?"

"ஆஸ்பத்திரித் துணி."

"நம்மாத்து சுங்கடி மாதிரி இருக்கே."

"சுங்கடி உலகத்துல ஒண்ணுதான் இருக்கா?"

அம்மா கேரியரைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். நான் சொன்னது பின்வாங்கல் இல்லை, யுத்த தந்திரம். பெரிய சண்டையை வாசற்படியில் வைத்துக்கொள்வதாக உத்தேசம்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. காவிரியில் கரை கொள்ளாத தண்ணீர் என்கிறார்கள். ஊரே அம்மா மண்டபப் படித்துறையில். நான் மட்டும் வார்டின் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அம்மா பஸ்ஸில் நசுங்கி வந்தாள், பெரிய தூக்கு நிறைய. புளியோதரை, தேங்காய் சாதம், தயிர்சாதம். எனக்கு மட்டும் என்று நினைத்தேன். நாலு கட்டிலுக்கும் போனாள்.

"கையை நீட்டுடாப்பா." உயரத்திலிருந்து போட்டாள், கை படாமல். ஆனால் இரண்டாம் தடவையும் போட்டாள், மூன்றாம் தடவையும். செ.மு. போதும் என்றதற்கு, "எலும்பு சேர வேண்டாமா? சாப்பிடு" என்று அதட்டல். அவன் கண் கலங்கியது. புளியோதரைக் காரம் என்றான்.

ஒன்றும் புரியவில்லை எனக்கு. இதே அம்மாவா அந்தத் துணியை வேண்டாம் என்று சொல்லுவாள்? சொல்லுவாள். சொல்லாமலும் இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால்தான் தெரியும். கேட்க இன்னும் நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

காலையில் மாவுக்கட்டை வெட்டினார்கள். உள்ளே இருந்தது என் கால்தானா? வாழைத்தண்டு மாதிரி ஒன்று. தடி ஊன்றி நாலு அடி நடந்தேன். நாளை வீடு.

சிஸ்டர் கட்டங்களை இணைத்துக் கொடுத்துவிட்டார், ஆஸ்பத்திரித் தையல் மிஷினில். நாலு போர்வை. நாலில் என்னுடையதுதான் அழகு (பாரபட்சம் இல்லாமல் சொல்கிறேன்). மயில்கண்ணுக்குப் பக்கத்தில் கைலிப் பச்சை, அதற்கு எதிரே சிவப்பும் ரோஜாவும், மூலையில் மெழுகுக் கறை.

ராத்திரி வார்டில் ஒத்திகை. அந்தோணிதான் என் அம்மா.

"ஏன்டா சம்பத்து, இது என்னடா?" என்றான் கீச்சுக் குரலில்.

"அம்மா! இது என்னோடது. நானும் தெச்சேன், இவாளும் தெச்சா. இது உள்ளே வரலேன்னா நானும் உள்ளே வரலே!"

கைதட்டல். காதர் சீட்டி. செ.மு. மட்டும், "நெசமாவா சொல்லுவ?" என்றான்.

"சத்தியமா."

நான் யார்? வெள்ளை விரிப்பைப் போர்த்திப் பேயாக நின்று வீதிக் காவல்காரனையே ஓட வைத்தவன். (மதிலிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது அதற்கு அப்புறம். அது தனி விஷயம்.) அம்மாவிடம் பேச எனக்கென்ன?

ஆகஸ்ட் 6, வீடு

சாயங்காலம். கூடத்தில் பெஞ்சு மேல் கால்.

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். வேறு யாரிடம் சொல்லுவது?

பத்து மணிக்கு அப்பா ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் குதிரை வண்டி. அம்மா என் சாமான்களைப் பையில் அடைத்தாள். சொம்பு, வேஷ்டி, சீப்பு. பக்கத்தில் மடித்து வைத்திருந்த போர்வை. எடுக்கவில்லை. பார்த்தாள்.

"சம்பத்து, இது உன்னோடதாடா?"

அவ்வளவுதான் கேட்டாள். கோபம் இல்லை. குரல்கூட உயரவில்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லேம்மா. இங்கே இருக்கறது."

"இங்கே யாரோடது? உன் பைகிட்ட இருக்கே."

என் வாய்க்கு அப்போதுதான் மாவுக்கட்டுப் போட்டார்கள் போல.

"என்னுதுங்கம்மா" என்று செ.மு. படுத்தபடியே கையை நீட்டினான்.

"நீதான் ஒண்ணு போத்திண்டிருக்கியே?"

"எனக்குக் குளிரு ஜாஸ்திங்கம்மா."

நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது அவனுக்கு. அம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போர்வையை எடுத்து, கையால் எடுத்து, அவன் மார்பு வரை இழுத்துவிட்டாள். "நன்னா போத்திக்கோ" என்றாள்.

அந்தோணி விட்டத்தைப் பார்த்தான். காதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். செ.மு. மட்டும், "போயிட்டு வா ஐயரே" என்றான். திருத்தவில்லை நான்.

வண்டி காவிரிப் பாலத்தில் போகும்போது அம்மா கேட்டாள்: "அந்தப் போர்வையில இருந்ததெல்லாம் யார் யார் துணிடா? விதவிதமா இருந்துதே."

எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஆடு முட்டியது முதல் தெரியும்.

"யாருக்குத் தெரியும்" என்றேன்.

என்னுடையது என்று சொல்லியிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள்? ஊரில் உள்ள துணியையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டேன், இந்த ஒரு பதிலுக்கு மட்டும் காத்திருக்கவில்லை. தடுக்கிறவர் தடுக்கட்டும் என்றேன். ஒருவரும் தடுக்கவில்லை. பயம். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அம்மா சமையல் அறையில்தான் இருக்கிறாள். பெஞ்சிலிருந்து எட்டு அடி. இப்போதே எழுந்து போய்ச் சொல்லலாம். முடியவில்லை, கால் வலி என்று எழுத ஆரம்பித்தேன். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கால் வலிக்கவே இல்லை.