நான்கை அழுத்தவும்

மார்ச் 4

இன்று சொல்லாமல் விட்டது: “மெதுவாகப் பேசுங்கள், அக்கா காதில் விழுகிறது.”

டெலிஃபோன் கம்பெனிக்காரர் மாமாவின் மேஜையில் படங்களைப் பரப்பி வைத்து, “இந்த சிஸ்டம் வந்துட்டா ஃபோன் எடுக்க ஆளே வேண்டாம் சார்” என்றார். இரண்டடி தள்ளி, பதினோரு வருடமாக இங்கே ஃபோன் எடுக்கும் அக்கா யாருக்கோ சர்வீஸ் தேதி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் மாறவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா மட்டும் நின்றது.

நான் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மௌனத்தின் மேன்மை பற்றி எத்தனை புத்தகங்கள் படித்திருக்கிறேன்! இன்றைய மௌனம் அந்த வகை இல்லை.

மாமா, “படிச்சவ நீ. ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு நீயே முடிவு பண்ணு” என்றார். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஆறு பேர் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன். இதிலென்ன கஷ்டம்? செய்துவிடலாம்.

மார்ச் 6

மாட்டிவிட்டார்கள். பதிவுக் குரல் என்னுடையது. வாசகமும் நானே எழுதினேன்: புதிய லிஃப்டுக்கு ஒன்று, சர்வீஸுக்கு இரண்டு, கணக்குப் பிரிவுக்கு மூன்று, லிஃப்டில் சிக்கியிருந்தால் நான்கை அழுத்தவும். யாராவது எடுக்கும்வரை ‘காத்திருப்பதற்கு நன்றி’ என்று திரும்பத் திரும்ப வரும். எங்கள் மேஜைகள் இருக்கும் அதே வரிசை. கச்சிதம். இரண்டு முறை போட்டுக் கேட்டேன் – கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 7

அக்கா கேட்டாள்: “நாலை அழுத்தினா யாரு எடுப்பா?”

“மெக்கானிக் அண்ணன் செல்லுக்குப் போகும்க்கா.”

“அவன் வேலையில இருந்தா?”

நான் சிஸ்டத்தோடு வந்த கையேட்டைப் புரட்டினேன்.

“என் வேலைக்காகக் கேக்கலடி. தெரிஞ்சுக்கக் கேட்டேன்.”

அதற்காகவும்தான் கேட்டாள். கேட்கக் கூடாதா என்ன?

மார்ச் 10

நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு பெரியவர் சிக்கிக்கொண்டார். நான்கை அழுத்தியிருக்கிறார். மெக்கானிக் அண்ணன் வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தார்; செல் கீழே பையில். நாற்பது நிமிடம் கழித்து அந்தக் கட்டடத்துக் காவலாளி நேரில் ஓடி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

வெளியே வந்ததும் பெரியவர் அண்ணனிடம் சொன்னாராம்: “உள்ள நின்னதுகூடப் பரவால்ல. ஒரு பொண்ணு நன்றி, நன்றின்னு சொல்லிட்டே இருந்தா பாருங்க, அதான் தாங்கல.”

அந்தப் பொண்ணு நான்தான். உயிர்போற அவசரத்தைக் கணக்குப் பிரிவுக்குப் பின்னால வச்சவளும் நான்தான். அறிவிருக்கா எனக்கு?

மார்ச் 11

அக்காவின் பழைய பதிவேட்டைப் பார்த்தேன். ‘சிக்கியவர்கள்’ என்ற பக்கத்தில் கட்டடம், மாடி, கடைசியில் நிமிடம்: 12, 31, 19. அவ்வளவு நேரமும் அக்கா லைனிலேயே இருந்திருக்கிறாள். இன்னொரு ஃபோனில் மெக்கானிக்கைப் பிடித்துவிட்டு, இந்தப் பக்கம் முதுகைச் சுவரில் சாய்க்கச் சொல்வாள். வீட்டில் யார் யார் என்று கேட்பாள். கதவு திறக்கும் சத்தம் காதில் விழும்வரை வைக்க மாட்டாள். தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தும் இதை வம்பளப்பு என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 12

மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

“சின்ன சிஸ்டம் போதும் மாமா. பழைய நம்பரே இருக்கணும், எல்லா லிஃப்டுக்குள்ளயும் அதான் ஒட்டியிருக்கு. முதல்ல அக்கா மேஜையில அடிக்கும். எடுக்கலன்னா மூணு ரிங்குக்கு அப்புறம் என் மேஜை. பதிவுக் குரல் வேண்டாம்.”

“அப்போ ஆளைக் குறைக்க முடியாதுங்கற.”

“முடியாது. அக்காவை அனுப்பறதுன்னா லிஃப்ட்ல ஒட்டின நம்பரையும் கிழிச்சிடுங்க.”

மாமா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “உனக்கு எப்போடி வாய் முளைச்சுது?”

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். கையெழுத்தும் போட்டார்.

அக்கா நன்றியெல்லாம் சொல்லவில்லை. “உன் மேஜைலயா? நீ ஃபோன்ல ‘ம்’ சொல்றதுக்குள்ள லிஃப்டே துருப்பிடிச்சிடுமே” என்றாள்.

மார்ச் 19

புது சிஸ்டம் ஓடுகிறது. வேறு விசேஷமில்லை.

ஏப்ரல் 22

அக்கா மகளின் பள்ளிக்குப் போயிருந்தாள். பதினொன்று இருபதுக்கு மூன்று ரிங் முடிந்து என் மேஜையில் அடித்தது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெண், தனியாக. இன்னொரு லைனில் மெக்கானிக் அண்ணனைப் பிடித்தேன். அவளை முதுகைச் சுவரில் சாய்க்கச் சொன்னேன். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள், சொன்னேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பதிவேட்டில் எழுதினேன்: 26 நிமிடம்.