பச்சைப் பெயிண்டுக்கு உள்ளே

ஹேடோ, 12-3-1968

ரங்கத் ஊரில் இருக்கும் தம்பிக்கு, அல்லா உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

பதினாலு வருசம் கழித்து எழுதுகிறேன். நீ செய்து தந்த அலமாரியை எங்கள் பூனை பிறாண்டித் தள்ளியது. மண்ணெண்ணெய் தடவினேன், மிளகாய்த்தூள் தூவினேன். தும்மிவிட்டுத் திரும்பவும் வந்தது. மருமகள்தான், "மாமி, அதுக்கும் நகம் தீட்ட ஒரு இடம் வேணும்ல?" என்றாள். தூணில் பழைய கப்பல் கயிற்றைச் சுற்றினோம். இப்போது அங்கேதான் பிறாண்டுகிறது.

அப்புறம்தான் அலமாரிக் கீறலை ஈரத்துணியால் துடைத்தேன்.

சுப்ஹானல்லாஹ்! பச்சைப் பெயிண்டுக்கு அடியில் அசல் படாக் மரம், தேக்கைவிட விலை கூடினது. நேற்று அறுத்த மாதிரி ரத்தச் சிவப்பு. எழுந்திருக்க மனமில்லாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

"கள்ளிப்பெட்டிப் பலகைக்குப் பெயிண்ட் அடிச்சு ராத்தாவை ஏமாத்துறியா?" என்று அன்றைக்குக் கப்பல்துறையில் நாலு பேர் முன்னால் கேட்டேன். "உப்புக்காத்துக்காக அடிச்சேன் ராத்தா" என்றாய். நான் நம்பவில்லை. உன் மகள் நிக்காஹ்வுக்கும் வரவில்லை.

ஆனாலும் அன்றைக்கு நீ சோறு தின்னாமல் கப்பலேறியதை நான் மறக்கவில்லை.

கீறலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்கிறான் மகன். நீ வந்து பார்க்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் சொல்லை நம்பாத ராத்தா